ஒரு கிரவுண்டு மனையும் ஒன்பது வருடமும்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், சாப்பாட்டு நேரத்தில் ஒரு வண்ண நோட்டீஸை எடுத்து என் முன்னால் வைத்தாள். "அக்கா, ஞாயிற்றுக்கிழமை வேன் அனுப்புறாங்களாம், சாப்பாடும் அவங்களே போடுறாங்க. ஒரு மனை வாங்கிப் போட்டு வைக்கலாம்னு இருக்கேன், நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன். நான் பட்டதை அந்த அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாது. நான் வாங்கிய காலத்தில் யாராவது ஒருவர் எனக்கு உட்கார்ந்து சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2013 டிசம்பர். என் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மகள் ஐந்தாம் வகுப்பு, அப்பா எங்களோடு இருந்தார். அம்பத்தூரில் ஒரு சிறிய தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர் போன பிறகு வந்த காப்பீட்டுப் பணம் 4 லட்சம் வங்கியில் வைப்பாக இருந்தது. அப்போது வட்டி ஏறக்குறைய 9 சதவீதம். நிம்மதியாக இருந்திருக்க வேண்டிய பணம்தான். ஆனால் சுற்றி இருந்த எல்லோரும் ஒரே பேச்சு: "பணமா வெச்சிருந்தா கரைஞ்சிடும், மண்ணுல போடு. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கும்." கேட்டுக் கேட்டு, பணத்தைச் சும்மா வைத்திருப்பது மகளுக்குச் செய்யும் துரோகம் என்று நானே நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

வேனில் போனோம். திண்டிவனத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே. வாசலில் வளைவு, வரிசையாக வண்ணக் கொடிகள், முதல் நூறு மீட்டருக்குத் தார் ரோடு, அதற்கப்புறம் செம்மண். மஞ்சள் அடித்த கற்கள் நட்டு, ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருந்தார்கள். சதுர அடி 260 ரூபாய். அதே பக்கத்தில் டிடிசிபி, அதாவது அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அங்கீகாரம் பெற்ற மனை 450 போய்க்கொண்டிருந்தது. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று நான் கேட்டேன், கேட்காமல் இல்லை. கூட வந்த தம்பி, "இது பஞ்சாயத்து அப்ரூவல் மேடம். டிடிசிபிக்குப் போட்டிருக்கு, வந்ததும் இதுவும் 450 ஆயிடும். இப்ப வாங்குறவங்களுக்குத்தான் லாபம்" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. 2,400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு, 6,24,000 ரூபாய். கையில் இருந்த 4 லட்சம் போக மீதி 2,24,000க்கு நகையை அடகு வைத்தேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற பேச்சைக் கேட்டதும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் இல்லாமல் ஊராட்சி தன் இஷ்டத்துக்கு ஒரு மனைப்பிரிவை அங்கீகரிக்க முடியாது. சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் சிஎம்டிஏ எனப்படும் பெருநகர வளர்ச்சிக் குழுமம். "போட்டிருக்கு, வந்துடும்" என்பதற்கு மதிப்பு கிடையாது. அங்கீகார எண்ணையும் முத்திரையிட்ட வரைபடத்தையும் கேளுங்கள். அந்த வரைபடத்தில் உங்கள் மனை எண் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். எங்கள் மனைப்பிரிவின் நோட்டீஸில் பச்சை நிறத்தில் ஒரு பூங்கா இருந்தது. 2015இல் அந்தப் பூங்காவையும் நாலு மனையாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதனால் பிறகு விற்க முடியாது. எங்களுடையதில் அப்படி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை, அதனால்தான் பூங்காவையும் விற்க முடிந்தது. இப்போது ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெரா ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் கூடச் செய்யக் கூடாது. நான் வாங்கிய காலத்தில் அந்தச் சட்டம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது, பதிவு எண்ணைப் போட்டு இணையத்திலேயே பார்த்துவிடலாம்.

2014 மார்ச்சில் பத்திரம் பதிந்தேன். நிலத்தின் சொந்தக்காரர் ஊரில் ஒரு பெரியவர். அவர் வரவில்லை. மனை போட்டவரே அவரிடம் விற்கும் அதிகாரம் தரும் பவர் பத்திரம் வாங்கி, பவர் ஏஜெண்டாகக் கையெழுத்துப் போட்டார். பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 100 ரூபாய்தான் என்பதால் பத்திரத்தில் விலை 2,40,000 என்று எழுதினார்கள். மீதி 3,84,000 ரொக்கம், ரசீது கிடையாது. "எல்லாரும் இப்படித்தான் மேடம், உங்களுக்குத்தான் ஸ்டாம்ப் மிச்சம்" என்றார்கள். அப்போது முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 19,200 ரூபாயும் எழுத்துக்கூலி அது இது என்று 8,000 ரூபாயும் ஆயிற்று. முழு விலையையும் எழுதியிருந்தால் இன்னும் 30,720 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். அது மிச்சம் என்று அன்றைக்கு நினைத்தேன். கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான், எனக்கு இது தப்பு என்று தெரியும். தெரிந்தே செய்தேன். அதற்கு எவ்வளவு கொடுத்தேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அதற்கப்புறம் மூன்று வருடம் சந்தோஷமாகவே போயிற்று. வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தம்பிக்கு போன் செய்வேன். "320 போகுது மேடம்", "400 ஆயிடுச்சு மேடம்". இரவில் படுத்துக்கொண்டு 2,400ஐ 400ஆல் பெருக்கிப் பார்ப்பேன். 9,60,000. நகை வட்டி கட்டும்போது வலித்தாலும் அந்தக் கணக்கு ஆறுதலாக இருக்கும். யார் அந்த 400ஐக் கொடுப்பார்கள், எப்போது கொடுப்பார்கள் என்று ஒரு நாள் கூட யோசிக்கவில்லை.

2017 ஜனவரியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. மூன்று இடத்தில் அடைப்பு, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். அலுவலகக் காப்பீடு போக 2 லட்சம் தேவைப்பட்டது. எனக்குப் பயம் இருந்ததே தவிர கலக்கம் இல்லை, மனை இருக்கிறதே. அந்தத் தம்பிக்கு போன் செய்தேன். நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்திருந்த நேரம், ரொக்கமாக வாங்குபவர்கள் எல்லோரும் ஒதுங்கியிருந்தார்கள். "330க்கு மேல ஆள் இல்லை மேடம்" என்றார். சரி என்றேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் 50,000 முன்பணம் கொடுத்தார். இருவருமாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தவர், "அங்கீகாரமில்லாத மனைம்மா, பதிய முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், விளைநிலங்களைப் பிரித்துப் போட்ட அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்திருந்தது. செய்தித்தாளில் நானும் படித்திருந்தேன். அது இனிமேல் விற்கப்போகும் மனைகளுக்கு, நாம் ஏற்கனவே பதிந்தாயிற்றே என்று நினைத்துவிட்டேன். அலுவலகத்துக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு கல்பெஞ்சு. அதில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வாங்க வந்தவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "அட்வான்ஸை மட்டும் நாளைக்குக் குடுத்துடுங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. பையில் 9 லட்சம் பெறுமானம் என்று நான் நம்பிய பத்திரம். அதை வைத்து ஒரு பாட்டில் குளுக்கோஸ் கூட வாங்க முடியாது. கடைசியில் தெரிந்தவர் மூலம் 2 லட்சம் மூன்று வட்டிக்கு வாங்கினேன். மாதம் 6,000. பதினான்கு மாதம் கட்டினேன், 84,000. அப்பா பிழைத்துவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் குறையில்லை.

நிலத்தில் முதலீடு செய்ய நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். வைப்பை ஒரே நாளில் உடைக்கலாம், நகையை ஒரு மணி நேரத்தில் அடகு வைக்கலாம். நிலம் நம் அவசரத்துக்கு நகராது. அவசரமாக விற்கிறோம் என்று தெரிந்தாலே விலை பாதியாகும். அதோடு பாதி மனையை விற்று மீதியை வைத்துக்கொள்ளவும் முடியாது. அதனால் மருத்துவம், படிப்பு, வேலை போனால் ஆறு மாதச் சாப்பாடு, இவற்றுக்கு வேண்டியது தனியாக இருந்த பிறகு மிஞ்சுவதை மட்டும்தான் மண்ணில் போட வேண்டும். கடன் வாங்கிக் காலிமனை வாங்கவே வாங்காதீர்கள். வாடகை வராது, வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. வாங்கும் முன் ஒரு தடவை விற்பவராகப் போய்ப் பாருங்கள். அதே மனைப்பிரிவில் ஏற்கனவே வாங்கியவர் ஒருவரைப் பிடித்து, அவர் மனையை இன்றைக்கு விற்க என்ன விலை கிடைக்கும் என்று அந்த ஊரின் இரண்டு மூன்று புரோக்கர்களிடம் கேளுங்கள். புது மனையை 260க்கு விற்பவரே, பழைய மனையை 180க்கு எடுக்கவும் தயங்குவார். அந்த 180தான் அன்றைய உண்மையான விலை. அப்படியே பக்கத்தில் ஒரு வங்கிக் கிளைக்கும் போய், இந்த இடத்துக்குக் கடன் தருவீர்களா என்று கேளுங்கள். நீங்கள் ரொக்கம் கொடுத்து வாங்கினாலும் கேளுங்கள். நாளைக்கு உங்களிடம் வாங்க வருபவர் வங்கிக் கடனை நம்பித்தான் வருவார்.

சரி, கதைக்கு வருகிறேன். 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் மனையாகப் பிரித்து விற்கப்பட்டவற்றுக்குக் கட்டணம் கட்டி ஒப்புதல் வாங்கலாம் என்றார்கள். ஏற்கனவே மனையாகப் பதிவானதை மறுபடி விற்கவும் பிறகு வழி விட்டார்கள். ஆனால் வரன்முறை செய்யாவிட்டால் வீடு கட்ட அனுமதி இல்லை, வங்கிக் கடன் இல்லை, ஆகவே வாங்க ஆளும் இல்லை. முதலில் மனைப்பிரிவு முழுவதற்கும் வரைபட ஒப்புதல், அதற்கப்புறம் ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாக. மனை போட்டவர் அதற்குள் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். மொத்தம் 46 மனைகள். அவற்றை வாங்கியவர்கள் யார் யார் என்று யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் எனக்கு உதவியது ஒரு சின்ன யோசனை. மனையாகப் பிரிக்கும் முன் இருந்த தாய் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்தேன். அதில் ஒவ்வொரு மனை விற்பனையும் வாங்கியவர் பெயரோடு வரிசையாக இருந்தது. பதிவான பத்திரங்களின் நகலில் முகவரியும் கிடைத்தது. கடிதம் போட்டேன். 46 பேரில் 19 பேரைப் பிடித்தோம், வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். இருந்தாலும் அலைந்தது பெரும்பாலும் நான் ஒருத்திதான். சிலர் வெளியூர், சிலர் "நீங்களே பாத்துக்குங்க, ஆகுற செலவைச் சொல்லுங்க" என்றார்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகம், நகர் ஊரமைப்பு அலுவலகம், மறுபடி ஒன்றிய அலுவலகம். பதினோரு தடவை சம்பளம் இல்லாத விடுப்பு எடுத்துப் போனேன். அந்தச் சம்பள நஷ்டத்தை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. 2019இல் ஒப்புதல் வந்தது. வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் எல்லாம் சேர்த்து என் மனைக்கு மட்டும் 62,000. அன்று வீட்டுக்கு வந்து மகளைக் கட்டிப்பிடித்து அழுதேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பட்டா என் பெயரில் இல்லை. பத்திரம் பதிந்தால் போதும் என்று ஐந்து வருடம் விட்டிருந்தேன். பட்டா மாற்ற மனு கொடுத்தபோது கிராம நிர்வாக அலுவலர் கணினியைப் பார்த்துவிட்டு, "இந்த சர்வே நம்பர்ல கேஸ் ஓடுதும்மா, தெரியாதா?" என்றார். நிலத்துச் சொந்தக்காரப் பெரியவர் 2015இல் இறந்துவிட்டார். அவருக்கு இரண்டு மகள்கள். அது பெரியவர் சம்பாதித்த சொத்து இல்லை, பாட்டன் வழி வந்தது. எங்களுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு, எங்களைக் கேட்காமல் அப்பாவிடம் மட்டும் பவர் வாங்கி விற்றுவிட்டார்கள் என்று 2018இல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருந்தார்கள். வக்கீலிடம் போனேன். 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு, தமிழ்நாட்டில் அதற்கும் முன்னால் 1989இலேயே ஒரு திருத்தம் வந்துவிட்டது, அவர்கள் கேட்பது நியாயம்தான் என்றார். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் மகள்களின் அந்த உரிமையை இன்னும் உறுதியாக்கித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதே வருடம், மனை வாங்கிய எங்களையும் பிரதிவாதிகளாகச் சேர்த்தார்கள்.

அந்தப் பெரிய மகளை ஒருநாள் நீதிமன்ற வாசலில் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கோபத்தோடுதான் பேசப் போனேன். "அக்கா, நாங்க காசு குடுத்துத்தான வாங்கினோம்" என்றேன். அவர் சத்தமே போடாமல், "நீ குடுத்தம்மா. எங்களுக்கு யாரு குடுத்தா? எங்கப்பன் நிலத்துல நாத்து நட்டவ நான்" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவரும் என்னைப் போல ஏமாற்றப்பட்டவர்தான். அதற்கப்புறம் வழக்கை எதிர்த்து நடத்த எனக்கு மனம் இல்லை. சமரசம் பேசலாம் என்று குழுவில் நான்தான் முதலில் சொன்னேன். 2022இல் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. மனை வாங்கிய நாங்கள் ஆளுக்கு 40,000 ரூபாய் கொடுத்தோம், பதிவுச் செலவு உட்பட. மகள்கள் இருவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். வக்கீலுக்கு 25,000.

வில்லங்கச் சான்று பார்த்துத்தானே வாங்கினேன் என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தேன், சுத்தமாக இருந்தது. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டும்தான் காட்டும். கையெழுத்துப் போடாமல் விடப்பட்ட மகள், பதிவாகாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, இதெல்லாம் அதில் வராமல் போகலாம். அதனால் சுத்தமான வில்லங்கச் சான்று கையில் இருந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. முப்பது வருடத்துக்குக் குறையாமல் எடுங்கள், பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் இணையத்திலேயே கிடைக்கிறது. அதோடு தாய்ப்பத்திரத்தில் சொத்து விற்பவருக்கு எப்படி வந்தது என்று படியுங்கள். பூர்வீகம் என்றால் வாரிசுச் சான்று கேட்டு, அதில் இருக்கும் எல்லோரும், முக்கியமாகக் கல்யாணமாகிப் போன பெண்கள், கையெழுத்துப் போடுகிறார்களா என்று பாருங்கள். மின் நீதிமன்றத் (eCourts) தளத்தில் விற்பவரின் பெயரைப் போட்டு வழக்கு இருக்கிறதா என்று தேடலாம், இலவசம். கிராமத்து நில விவரங்கள் இருக்கும் அ பதிவேட்டில் அந்த சர்வே எண் புறம்போக்கு, கோயில் நிலம் என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பவர் மூலம் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான ஆயுள் சான்றைக் கேளுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். அவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் அன்றோடு முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊர் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்தக் குடும்பத்துத் தகராறு ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வேனில் போய் வேனில் திரும்பிய எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

இடையில் நிலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு வருடம் போகாமல் விட்டேன். சீமைக் கருவேலம் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது, நான்கு மூலைக் கற்களில் மூன்றைக் காணோம், ஒரு ஓரத்தில் யாரோ வைக்கோல் போர் போட்டிருந்தார்கள். சுத்தம் செய்து, கல் நட்டு, கம்பி வேலி போட 18,000. அளந்து உட்பிரிவு செய்து பட்டா என் பெயருக்கு வர 14,000. வருடத்துக்கு இரண்டு தடவையாவது போய் நின்று, தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய வருடமே பட்டாவை மாற்றுங்கள்.

2023 ஆகஸ்டில் விற்றேன். சதுர அடி 420, மொத்தம் 10,08,000. கேட்பவர்கள் உடனே சொல்வார்கள், "6 லட்சத்துக்கு வாங்கி 10 லட்சத்துக்கு வித்திருக்கீங்களே!" இதோ கணக்கு. மனை விலையும் பதிவும் 6,51,200. நகைக் கடன் வட்டி மூன்று வருடத்துக்கு 80,000. மூன்று வட்டி 84,000. வரன்முறை 62,000, வக்கீல் 25,000, சமரசம் 40,000, பட்டா 14,000, வேலி 18,000. புரோக்கருக்கு 2 சதவீதம், 20,160. அப்புறம் வரி. பத்திரத்தில் வாங்கிய விலை 2,40,000 என்றுதானே இருக்கிறது? வருமான வரித் துறைக்கு அதுதான் கணக்கு. விலைவாசிக் குறியீட்டின்படி ஏற்றி, வரன்முறையையும் சமரசத்தையும் கழித்த பிறகும் 95,900 ரூபாய் வரி கட்டினேன். அன்று முழு 6,24,000ஐ எழுதியிருந்தால், 220லிருந்து 348ஆக ஏறிய குறியீட்டில் என் வாங்கிய விலையும் பதிவுச் செலவும் சேர்ந்தே விற்ற விலையைத் தாண்டியிருக்கும், ஒரு ரூபாய் வரி வந்திருக்காது. 30,720 ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு நான் கொடுத்த விலை அது. இப்போது சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டப்படி தடை. அதோடு பேரம் முறிந்தால் ரொக்கத்துக்கு உங்களிடம் எந்தச் சாட்சியும் இருக்காது. முழு விலை, முழுவதும் வங்கி மூலம். இதில் மட்டும் யார் சொன்னாலும் இறங்காதீர்கள்.

எல்லாம் கூட்டினால் செலவு 10,90,260. ஒன்பது வருடத்தில் எனக்கு 82,260 ரூபாய் நஷ்டம். அதே 6,51,200 ரூபாய் 7 சதவீத வட்டியில் வங்கியில் இருந்திருந்தால் ஏறக்குறைய 12 லட்சமாகியிருக்கும். மகள் கல்லூரிக்குப் போன வருடம் அந்தப் பணம் கையில் இருந்திருக்கும். அவள் கல்விக் கடன் வாங்கித்தான் படிக்கிறாள்.

நிலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் அண்ணன் அங்கீகாரம் பெற்ற மனையை அதிக விலைக்கு வாங்கினார், அன்று அவரை ஏமாளி என்று நினைத்தேன். ஏழு வருடத்தில் நல்ல விலைக்கு ஒரே மாதத்தில் விற்றார். அடுக்குமாடி வீடு வாங்கிய தோழிக்கு மாத வாடகை வருகிறது, ஆனால் வருட வாடகை வீட்டு விலையில் 3 சதவீதம் கூட இல்லை, பராமரிப்பு, காலியாகக் கிடக்கும் மாதங்கள் என்று அதிலும் போகிறது. கட்டடம் பழசாகப் பழசாக அவளுக்கு நிற்கப்போவது பிரிபடாத நிலப் பங்கு மட்டும்தான். அது எத்தனை சதுர அடி என்பதை வாங்கும் முன் அவள் கேட்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்குகிறோம். கல்யாண வீட்டில் நிலத்தால் ஜெயித்தவர்கள்தான் பேசுவார்கள். மாட்டிக்கொண்டவர்கள் வெட்கத்தில் பேசுவதில்லை. நானும் ஒன்பது வருடம் யாரிடமும் பேசவில்லை. அதனால்தான் எல்லோரும் ஜெயிப்பது போலவே கேட்கும்.

நான் விற்றுப் பத்திரம் பதிந்த அன்று, என் மனையை வாங்கியவர் குடும்பத்தோடு வந்திருந்தார். வங்கிக் கடனில் வாங்குகிறார், வீடு கட்டப் போகிறார்கள். நான் என் கோப்பு முழுவதையும் கொடுத்தேன்: ஒப்புதல் ஆணை, விடுதலைப் பத்திரம், புலப்பட நகல், பட்டா. அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி என் பக்கத்தில் வந்து, "அக்கா, அங்க தண்ணி எத்தனை அடியில இருக்கு? உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடத்தில் அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதே இல்லை.